அறுபதுக்கு அறுபது வாங்கிய மேலாளர்

ஒருவன் திருடப்போகிறானா என்பதை அவன் கை நீளுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடும் பெருமை, மனிதகுல வரலாற்றில் முதன்முறையாக, பிரிஸ்பேனுக்கு வெகு வடக்கே, போவன் ஊரில் மாம்பழத்தைப் பெட்டியில் அடைக்கும் கொட்டகை ஒன்றுக்குத்தான் வாய்த்தது. காவல்துறையும் நீதிமன்றமும் மனசாட்சியும் இத்தனை நூற்றாண்டுகளாகத் திணறிய வேலையை, அறுபது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் நாற்பதே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தது. அதன் பெயர் ‘பணியிடக் குணநலக் கண்ணாடி’.

சீசன் தொடங்கியதிலிருந்து வாரத்துக்கு இருபது பெட்டி முதல்தரப் பழம் குளிர் அறையிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருந்தது. மேலாளர் கேரத் சாதாரண ஆளாக இருந்திருந்தால் பெட்டிகளைத் தேடியிருப்பார். அவர் தொலைநோக்கு உள்ளவர். ‘திருட்டு என்பது பெட்டியில் இல்லை, குணத்தில் இருக்கிறது’ என்று பிரிஸ்பேன் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் படிவத்தை வரவழைத்துவிட்டார்.

தரம் பிரிக்கும் மேசைக்கு நோலீன்தான் தலைவி. இருபத்திரண்டு சீசனாக அதே மேசை. ஒரு பழத்தைக் கையில் ஒருமுறை உருட்டினால் போதும், அது சிட்னி வரை தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவாள். அவள் படிவத்தின் முன்னால் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவள் செய்த முதல் குற்றம் அது.

நிறுவனப் பொருளை வீட்டுக்கு எடுத்துப் போனதுண்டா? உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் புள்ளி விழுந்த பழத்தை ஆளுக்கொரு பை அள்ளிக்கொண்டு போவது கொட்டகைக்குக் கூரை போட்ட நாளிலிருந்து உள்ள வழக்கம்; பையைக் கொடுப்பதே நிறுவனம்தான். மேலதிகாரி மீது கோபம் வந்ததுண்டா? உண்டு. எத்தனை முறை? கட்டத்தில் இடம் போதவில்லை.

“சிறந்த உழைப்பாளியான்னு கேக்குது நோலீன். என்ன போட?” என்றான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டெஸ்.

“உன் மூஞ்சிக்கு அந்தக் கேள்வியே அதிகம். இல்லன்னு போடு.”

“அடுத்தது சோம்பேறியான்னு கேக்குது.”

“அதுக்கு ரெண்டு டிக் போடு.”

கொட்டகையே அப்படித்தான் போட்டது. தன்னைத் தானே சிறந்தவன் என்று சொல்லிக்கொண்ட ஒருவனை அந்த ஊர் ஒரு வருடத்துக்கு நிம்மதியாக பீர் குடிக்க விடாது. முப்பத்தொன்றாம் கேள்வி இன்னும் மோசம்: ‘சக ஊழியர் திருடினால் நிர்வாகத்திடம் சொல்வீர்களா?’ போட்டுக்கொடுப்பதா? முப்பத்து மூன்று பேரும் ‘மாட்டேன்’ என்றார்கள்.

முடிவு வந்தது. முப்பத்து நான்கு பேரில் முப்பத்து மூன்று பேர் சிவப்பு, அதாவது ‘தீங்கு விளைவிக்கும் குணத்தினர்’. ஒரே ஒருவர் பச்சை. திருடியதில்லை, கோபப்பட்டதில்லை, பொய் சொன்னதில்லை, சிறந்த உழைப்பாளி. அறுபதுக்கு அறுபது. கேரத் தன் சான்றிதழைத் தானே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். குளிர் அறைச் சாவிகளைச் சிவப்பர்களிடமிருந்து பறித்து, கொட்டகையின் ஒரே யோக்கியரிடம், அதாவது தன்னிடம், ஒப்படைத்துக்கொண்டார். அறையைச் சுற்றிப் பத்து மீட்டர் தள்ளி ஒரு மஞ்சள் கோடும் போட்டாயிற்று. சிவப்பர்கள் அதைத் தாண்டக் கூடாது.

பிறகு நோலீனைக் கூப்பிட்டனுப்பினார்.

“நோலீன், இத நீங்க மனசுல வச்சுக்கக் கூடாது.”

“அது கெடக்கட்டும் கண்ணு. குளிர் அறைக்கு உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சு கெடக்குன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேனே?”

“அதையும் கணக்குல சேத்திருக்கோம். ‘குறை சொல்லும் இயல்பு’. மூணு புள்ளி.”

“உள்ள ஆளு மாட்டிக்கிட்டா?”

“பாத்தீங்களா, இது நாலாவது.” குறித்துக்கொண்டார். “முப்பத்தொண்ண மட்டும் மாத்துங்க, போதும். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு பிரிஸ்பேன் தலைமை ஆபீஸ்லேர்ந்து ப்ரூங்கறவங்க கம்ப்யூட்டர் திரையில வராங்க. அவங்க முன்னால ‘சொல்வேன்’னு போட்டீங்கன்னா அடுத்த சீசன் வேலை உறுதி. உங்களப் பாத்து மத்தவங்களும் போடுவாங்க. இல்லேன்னா இதான் உங்களுக்குக் கடைசி சீசன்.”

“செய்ய மாட்டேன்னு தெரிஞ்சும் செய்வேன்னு எழுதணும். எழுதினா யோக்கியமாயிடுவேன்.”

“அதேதான்!” என்றார் கேரத், பாடம் புரிந்துவிட்ட மகிழ்ச்சியில்.

அந்த வாரம் முழுக்க நோலீன் சாண்ட்விச்சைப் பிரிக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். ஐம்பத்தெட்டு வயதில் வேறு எந்த மேசை அவளைக் கூப்பிடும்? ஆனால் பொய்க்கு ஒரு டிக் போட்டுவிட்டு இந்த மேசையில் யார் முகத்தில் விழிப்பது?

வெள்ளிக்கிழமை காலைத் தேநீர் நேரம். எல்லோரும் வெளியே லாமிங்டன் கேக்கைக் கடித்துக்கொண்டிருந்தபோது குளிர் அறைக் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

“யாருப்பா உள்ள?” என்றான் டெஸ், மஞ்சள் கோட்டில் சரியாகக் கால் விரலை வைத்து நின்றபடி.

“நான்தான், கேரத்! கதவு சாத்திக்கிச்சு!”

“சாவி?”

“எங்கிட்டதான் இருக்கு! உள்பக்கம் சாவி போட ஓட்டையே இல்ல!”

“அடடா. நாங்க சிவப்பாச்சே கேரத்து. கோடு தாண்டலாமா?”

“தாண்டித் தொலைங்கடா!”

டெஸ் திரும்பிப் பார்த்தான். “இது கேரத்தா இருக்காது. அவரு கோவமே படாதவருன்னு சான்றிதழ் தொங்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். நோலீன் சிரிக்கவில்லை. அந்தக் கைப்பிடியை நினைத்து அவள் செப்டம்பரிலிருந்தே பயந்துகொண்டிருந்தாள். உள்ளே பன்னிரண்டு டிகிரி; வெயிலிலேயே ஊறிய போவன்காரனுக்கு அது துருவப் பிரதேசம். கடப்பாரையை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். நான்கு நெம்பில் பூட்டு பெயர்ந்து விழுந்தது.

உள்ளே அரைக்கால் சட்டையோடு கேரத் நடுங்கிக்கொண்டு நின்றார். சுற்றிலும் இருபது பெட்டி முதல்தரப் பழம். பதினான்கு பெட்டிகளில் நிறுவனத்தின் ஒட்டுச்சீட்டு உரிக்கப்பட்டு, நெடுஞ்சாலையோரம் அவருடைய மைத்துனன் வைத்திருக்கும் பழக்கடையின் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. மீதிச் சுருள் அவர் கையிலேயே இருந்தது.

டெஸ் தன் மேல்சட்டையைக் கழற்றி அவர் தோளில் போட்டான்.

கேரத்துக்குப் பல் தந்தியடிப்பது நின்றதும் பேச்சு வந்தது. “நீங்கல்லாம் நல்லவங்க. போட்டுக்குடுக்கற ஆளுங்க இல்லன்னு எனக்குத் தெரியும்.” உடைந்த பூட்டைப் பார்த்தார். முகத்தில் பொறுப்புணர்ச்சி திரும்பிவிட்டது. “ஆனா நோலீன், கதவ உடைச்சது நிறுவனச் சொத்துக்குச் சேதம். அத நான் அறிக்கையில எழுதியாகணும். நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

நோலீன் கடப்பாரையைக் கொண்டுபோய் அது இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மூன்று மணிக்குத் திரையில் ப்ரூ தோன்றினார். “நோலீன், முப்பத்தொண்ணு பத்தி யோசிச்சீங்களா?”

“நல்லா யோசிச்சேன்.” நோலீன் ‘சொல்வேன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். சிவப்பு மஞ்சளாயிற்று. கேரத் கைதட்டினார்.

“இப்ப எனக்குக் குணம் மாறிடுச்சு, இல்லையா ப்ரூ?”

“கண்டிப்பா! வாழ்த்துகள்.”

“அப்ப அந்தப் புதுக் குணத்த இன்னிக்கே வேலைக்கு விட்டுடறேன்.” மேசைக்கு அடியில் காலையிலேயே எடுத்துவைத்திருந்த ஒரு பெட்டியையும் கேரத் போட்டுவிட்டுப் போன ஒட்டுச்சீட்டுச் சுருளையும் எடுத்துத் திரைக்கு நேரே வைத்தாள். எத்தனை பெட்டி, எந்தக் கடை, யாருடைய மைத்துனன், எல்லாவற்றையும் சொன்னாள்.

“நோலீன்!” கேரத் அலறினார். “நீங்க அந்த மாதிரி ஆளே இல்லையே!”

“காலைல வரைக்கும் இல்ல கண்ணு. நீதான திருத்தின?”

ப்ரூ வெகுநேரம் தன் காகிதங்களைப் புரட்டினார். “ஆனா கேரத் அறுபதுக்கு அறுபதாச்சே,” என்றார் கடைசியில். “அறிவியல்படி அவர் திருடறதுக்கு வாய்ப்பே இல்லையே.”

அறிவியல் பொய்க்குமா? பொய்க்கவில்லை. நோலீனுக்கு அடுத்த சீசன் வேலை உறுதியாயிற்று. கதவுக்குப் புதுக் கைப்பிடியும் வந்தது. கேரத்தைப் போன்ற அரிய குணசீலரை முப்பத்து மூன்று தீயவர்கள் நடுவே விட்டுவைப்பது அபாயம் என்று நிர்வாகம் கருதியது. அவரைப் பதவி உயர்த்தி பிரிஸ்பேன் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அங்கே எல்லோருமே பச்சை.