சம்பல் கலந்த தேயிலை எண்ணெய்

உலகத்தில் எந்த விதையையும் நிம்மதியாக இருக்கவிடாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் எண்ணெய் சேர்தான். கல்யாண வீட்டில் எல்லோரும் பப்பாசிப் பழம் சாப்பிடுவார்கள். இவர் தட்டுத் தட்டாகப் போய், சட்டைப்பை லேஞ்சியை விரித்து விதையைப் பொறுக்குவார்.

கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அங்கே போத்தல் கழுவும் தற்காலிக ஆள். அங்கே ஆராய்ச்சியாளரான அவரை 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம்; யாழ்ப்பாணத்துக்காரர். விதையை அரைத்து, எண்ணெய் எடுத்து, அதில் என்னென்ன கொழுப்பமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலை, பொழுதுபோக்கு, பக்தி எல்லாம். எண்ணெயைப் பக்குவப்படுத்தி ஓர் இயந்திரத்துக்குள் ஊசியால் ஏற்றுவார். அது கடதாசியில் மலை மலையாகக் கோடு கீறும். ஒவ்வோர் அமிலத்துக்கும் ஒரு மலை.

"பார் தம்பி, இவர் ஒலெயிக். பக்கத்தில நிக்கிறவர் லினோலெயிக்" என்று சொந்தக்காரரைப் போல அறிமுகப்படுத்துவார். பயத்தில் நான் கும்பிட்டும் இருக்கிறேன்.

அங்கே அவர் போட்ட சட்டம் ஒன்று: யாரும் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கக்கூடாது. ஒரு துளி கலந்தாலும் அதிலிருக்கும் லோரிக் என்ற அமிலத்தின் மலை முளைத்துவிடுமாம். காலையில் வாசலில் நின்று எங்கள் தலையை மணந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். என் தலை கூட்டுகிற தும்புத்தடி மாதிரி ஆகிவிட்டது. "என்னங்க, இந்தக் கோலத்துலயா வேலைக்குப் போறீங்க?" என்று என் மனைவி தினமும் கேட்பாள்.

ஒரு முறை, தெல்தோட்டைப் பக்கம் காடாகிப் போன தோட்டத்தில் மரமாய் வளர்ந்துவிட்ட தேயிலையில் விதை பொறுக்கி வந்தோம். ஆய்வுகூடத்து அரைக்கும் இயந்திரம் பழுது. "அரைக்கிறதை நான் பாக்கிறன்" என்று சேர் கதவைச் சாத்திக்கொண்டார். மற்ற எடுபிடி வேலையெல்லாம் நான்தான்.

இயந்திரம் கோடு கீறியது. தேயிலை விதையில் இருக்கவே கூடாத லோரிக் மலை, முதல் ஆளாக எழுந்து நின்றது.

"ஆற்ற தலையில எண்ணெய்?" என்று சேர் போட்ட சத்தத்தில் துறைத்தலைவி மேடமே வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டார். என்னைப் பார்த்தார். "கூட நின்னது இவர் மட்டும்தானே? இந்த மாசத்தோட நிப்பாட்டிடுவோம்."

தலையைத் தடவி விரலை மணந்து பார்த்தேன். வைக்காத எண்ணெய் எப்படி வந்தது? பஸ்ஸில் பக்கத்து ஆள் தூங்கி என் தோளில் சாய்ந்தாரே, அவர் தலையா? கோயிலில் விளக்குத் திரியைத் தூண்டினேனே, அந்த விரலா? வேலை போனால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

அந்த நேரம் பார்த்து, அம்பிட்டியவிலிருந்து சேருடைய மனைவி சோற்றுப் பார்சலோடு வந்தார்.

"இஞ்சருங்கோ, என்ர கிரைண்டர் ஜார் எங்கை? சம்பல் அரைக்க வழியில்லாமல் நிக்கிறன்."

சேர் என்னைப் பார்த்தார். மேடத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. சேர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் பெயர் தப்பியிருக்கும். நான் வீட்டுக்குப் போயிருப்பேன். அவரோ குனிந்து மேசைக்குக் கீழேயிருந்த ஜாரை எடுத்து மூக்கருகே பிடித்தார்.

"மேடம், தம்பியின்ர தலை இல்லை. என்ர வீட்டுத் தேங்காய்ச் சம்பல். இதுக்குள்ளதான் விதையை அரைச்சனான். எல்லாற்ற தலையையும் மணந்து பாத்தனான், இதை மட்டும் பாக்கேல்லை."

"நல்லாக் கழுவித்தானே வச்சனான்!" சேருடைய மனைவி சண்டைக்கு வந்துவிட்டார். "என்ர சம்பலையோ மெஷின்ல போட்டு ஊருக்குக் காட்டினனீங்கள்?"

மேடம் சிரித்துக்கொண்டே போய்விட்டார். புதிதாக விதை எடுத்துப் பீங்கான் உரலில் இடித்தோம். லோரிக் மலை போன இடம் தெரியவில்லை. ஒலெயிக் எல்லோரையும்விட உயரமாக நின்றது. என் வேலை தப்பியது.

பிறகு சேர் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். எனக்கு வேலை நிரந்தரமான செய்தியைச் சொல்ல முதலில் அவருக்குத்தான் போன் எடுத்தேன்.

"உண்மையாவோ, தம்பி?"

"ஓம் சேர்."

கண்டி மஹய்யாவவில் எங்கள் வீட்டில் யாரும் யாழ்ப்பாணத்தார் போல 'ஓம்' என்று சொல்வதில்லை, 'ஆமாங்க'தான். அவரோடு பேசும்போது மட்டும் அது தானாக வாயில் வந்துவிடுகிறது.