ஸ்டாப்பில் நிற்காத விமானம்

அன்பு மகளுக்கு, முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்ந்த அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். என் முழங்காலும் அதன் வழக்கப்படி நலம். பத்து நாளாக நீ என் போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

நீ துணை விமானியாக இருக்கும் விமானத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஏறினேன். உட்கார்ந்ததுமே முன்னால், பின்னால், பக்கத்தில் என்று ஒருவர் விடாமல், "ஓட்டுறது என் பொண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. கீழே மொட்டை மாடியில் காய்கிற துணி தெரிந்தது, ஓடுபாதை தெரிந்தது, நானும் இறங்குவதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டேன், திடீரென்று ஒரு உறுமல், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, வண்டி மேலே போகிறது! துணியும் போச்சு, ஓடுபாதையும் போச்சு. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். பக்கத்து சீட்டுக்காரர், "என்னங்க, உங்க பொண்ணு நம்மள இறக்கி விடுமா, விடாதா?" என்றார். எனக்கு மானமே போயிற்று. ஆள் நிற்கிற ஸ்டாப்பில் நிற்காமல் போனதாக என்மேல் ஒரு புகார் உண்டா? அதற்குள் ஸ்பீக்கரில் உன் குரல்: "இறங்குறதுக்குச் சரியா அமையல. ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி வர்றோம்." என்னமோ சோறு இன்னும் வேகவில்லை என்கிற மாதிரி!

இரண்டாவது தடவை பூப்போல இறங்கியது. ஆனாலும் விமான வாசலில் நீ "அப்பா" என்று சிரித்துக்கொண்டு நின்றபோது, நாலு பேர் பார்க்கிறார்களே என்று உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டேன். அதோடு விட்டேனா? எங்கள் டிப்போவில் ஸ்டாப்பை விட்டுவிட்டால் மேனேஜருக்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். உன் வேலைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று உன் மேலதிகாரிக்கு, "சின்னப் பொண்ணு, தெரியாமல் செய்துவிட்டது, நான் கண்டித்து வைக்கிறேன்" என்று அன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டேன்.

நேற்று இதைக் கேட்டதும் உன் அம்மா பிடித்துக்கொண்டாள். "வெள்ளத்துல பாலத்துக்கு இந்தப் பக்கமே பஸ்ஸத் திருப்பிட்டு வந்தீங்களே, மறந்து போச்சா? அறுபது பேரும் திட்டினாங்கன்னு சாப்பிடாம படுத்தீங்க. 'நல்லவேளை திரும்பிட்டேப்பா'ன்னு சொன்னது யாரு?"

நீதான். அப்போது உனக்கு ஒன்பது வயசு. வாசல்ல வச்சு அதை நான் உனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கணும், சொல்லலை. தப்புதாம்மா. நல்லவேளை, மேல தூக்கிட்டே. கோபத்தை விட்டுட்டு ஒரு போன் பண்ணு.

ஏறினதெல்லாம் பத்திரமாக இறங்க ஆசீர்வதிக்கும்,
அப்பா

பி.கு.: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். உன் மேலதிகாரியின் பதில் வந்துவிட்டது. அன்றைக்கு ஓட்டினது நீயே இல்லையாமே! ஓட்டினவர் உன் சீனியராம், வேகம் அதிகமாக வந்தாராம், "வேண்டாம், மேல தூக்குங்க" என்று சொன்னது மட்டும்தான் நீயாம். நீ சொன்னால் அவர் கேட்டே ஆக வேண்டுமாம். உன்னைப் பாராட்டி எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அன்றைக்குப் பாலத்தில் நான் போயிடலாம்னுதான் பார்த்தேன். விடாமல் விசில் அடித்து நிறுத்த வைத்தது என் கண்டக்டர். ஊரெல்லாம் திட்டினபோது நானும் சேர்ந்து அவனைத் திட்டினேன். நீ சொன்ன 'நல்லவேளை'யை மட்டும் நானே வைத்துக்கொண்டேன். நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் அவன் வீட்டுக்குப் போகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே.