எதிர் அணிக்கு இரண்டு வருஷம்

தீர்ப்புக்காரர்கள் என்று ஓர் இனம் எங்கள் அலபாமாவில் உண்டு. கோர்ட் வாசலை மிதித்திராதவர்கள். ஆனால் ஏதாவதொரு கல்லூரிக் கால்பந்து அணி, பள்ளிக்கூடத்து வீரர்களைத் தன் பக்கம் இழுக்க விதியை மீறிப் பரிசு கொடுத்து மாட்டிக்கொண்டால் போதும், விசாரணைக் குழு கூடுவதற்குள் தண்டனையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். மாட்டியது எதிர் அணியென்றால் ஆயுள். தன் அணியென்றால் அது விருந்தோம்பல்.

இந்த இனத்தின் தலைமகன் என் பக்கத்து வீட்டு ராய்ஸ் பெட்வே. கூரை போடும் தொழில். விட்லோ கல்லூரிக்கு ரசிகர், நன்கொடையாளர், எல்லாம். மைதானத்தில் அப்பா உட்கார்ந்த அதே இருக்கையில்தான் இவரும் உட்காருகிறார். மனைவி வெர்னா பிரசவ வலியில் துடித்த அன்றுகூட அந்த இருக்கை காலியாக இருந்ததில்லை. அதை வெர்னாவை வைத்துக்கொண்டே பெருமையாகச் சொல்வார்.

போன கோடையில், ஜென்மப் பகையான பிராக்கெட் கல்லூரியின் உதவிப் பயிற்சியாளர் ஒரு பள்ளி மாணவனுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்து மாட்டினார். ராய்ஸ் முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு எழுந்து நின்று தீர்ப்பளித்தார்: அணியை இரண்டு வருஷம் இழுத்து மூட வேண்டும், வாங்கிய கோப்பைகளையெல்லாம் பிடுங்க வேண்டும், அந்த ஆள் இனி விசிலை வாயில் வைக்கவே கூடாது. ஒரு ஜோடி ஷூவுக்கா இவ்வளவு என்று கேட்டார், அடுத்த நாற்காலியில் இருந்த கர்ட்டிஸ். வெர்னாவின் தம்பி, பாவம், பிராக்கெட் ரசிகர்.

"விதின்னா விதிதான் மாப்ளே. இன்னைக்கு ஷூ, நாளைக்குக் கார்."

அதற்கு முந்தின வருஷம் விட்லோ பயிற்சியாளர் ஒரு பையனின் குடும்பத்தையே ஏரிக்கரைப் பங்களாவில் தங்கவைத்தாரே? அது வேறு. பையனின் அம்மாவுக்கு முதுகுவலியாம்.

செப்டம்பர் வந்தது. முதல் ஆட்டத்தன்று ஊர் வழக்கப்படி காலையிலேயே மைதானத்து வாகன நிறுத்தத்தில் கூடாரம் அடித்து, ராய்ஸ் பன்றி விலாவைப் புகையில் வாட்டிக்கொண்டிருந்தார். விட்லோவைச் சுற்றிப் பார்க்க வந்த பள்ளி வீரன் ஒருவன், நிலைப்படி இடிக்கும் உயரம், அம்மாவோடு அந்தப் பக்கம் வந்தான். ராய்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டு நிறைய விலா கொடுத்தார், தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அவனுக்குப் போட்டார், தோளில் கை போட்டுப் போட்டோ பிடித்தார், 'நம்ம அடுத்த சிங்கம், என் கைச் சாப்பாட்டில்' என்று எழுதி உலகத்துக்கே காட்டினார். குற்றத்தைச் செய்து, ஆதாரத்தையும் தயாரித்து, பெயரையும் போட்டுக் கொடுக்கிற குற்றவாளியை வேறெங்கே பார்க்க முடியும்?

திங்கட்கிழமை, கல்லூரியில் விதிமுறைகளைக் கவனிக்கும் அம்மாள் போன் செய்தார். நன்கொடையாளர் யாரும் அப்படிப்பட்ட பையனுக்கு ஒரு எலும்புத் துண்டுகூடக் கொடுக்கக் கூடாதாம். கல்லூரியே முந்திக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டது. இந்த ஆட்டப் பருவம் முழுக்க ராய்ஸ் மைதானத்துக்குள் வரக் கூடாது. அப்பாவின் இருக்கையில் வேறு யாரோ உட்காருவார்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் ராய்ஸ் அப்பீல் செய்தார். எங்கே? கர்ட்டிஸிடம்.

"பசிச்ச பிள்ளைக்குச் சோறு போட்டது ஒரு தப்பாடா? கூப்பிட்டு எச்சரிச்சு விட்டா போதாதா?"

கர்ட்டிஸ் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார். "எங்க பையனுக்கும் கால் சுட்டிருக்கும் மாமா."

பிராக்கெட்டுடன் ஆட்டம் நடந்த அன்று, ராய்ஸ் விட்லோ சட்டையும் கால்சட்டையுமாகத் தன் வீட்டுப் புல்வெளியில் தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் பந்து கிளம்புவதற்கு முன்பே மைதானத்து இரைச்சல் மரங்களைத் தாண்டி வந்துவிடும். ஒவ்வொரு இரைச்சலுக்கும் என் முகத்தைப் பார்த்து, "நமக்கா, அவனுங்களுக்கா?" என்று கேட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

இடைவேளையில் செய்தி ஓடியது: ஜார்ஜியாவில் ஏதோ ஒரு கல்லூரி, பள்ளி வீரனுக்கு மெத்தை வாங்கிக் கொடுத்து மாட்டியிருக்கிறதாம். ராய்ஸ் எழுந்து நின்றார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

"மூணு வருஷம். இழுத்து மூடணும்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ராய்ஸின் இருக்கை பறிபோன இடத்தைப் படித்தபோது, இந்த ஆளுக்கு ஒரு பருவமெல்லாம் எப்படிப் போதும் என்று உங்கள் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியதே, அது எத்தனை வருஷம்?