அப்போ அண்ணனும் கியூவில் நின்ற அண்ணியும்

உலகத்திலேயே ‘இப்ப’ என்ற சொல்லோடு ஜன்மப் பகை வைத்திருக்கும் ஒரே மனிதர் எங்கள் சூளூர்பேட்டை பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ‘அப்போ’ அண்ணன்தான். “இப்ப மணி இன்னாண்ணா?” என்று கேட்டால் போச்சு. “நான் சொல்லி உன் காதுல விழறதுக்குள்ள அது அப்போ ஆயிடும்டா” என்பார். கடைசிவரை மணியைச் சொல்ல மாட்டார்.

ராக்கெட் விடுகிற நாளில் மொட்டை மாடியில் அவர் அட்டகாசம் தாங்காது. ஸ்ரீஹரிகோட்டா பக்கம் வெளிச்சம் கிளம்பியதும் நாங்கள் கை தட்டுவோம். “இருங்கடா! கண்ணுக்குத்தான் கெளம்பிச்சி, காதுக்கு இன்னும் கெளம்பல!” என்று கையைப் பிடித்து நிறுத்துவார். சத்தம் வந்து ஜன்னல் கடகடத்த பிறகுதான் தட்ட அனுமதி. “தூரம்னா இன்னா? சேதி வர்றதுக்கு ஆவுற நேரம், அவ்ளோதான்” என்பார்.

போன மழைக்காலத்தில் என் நைனாவும் அண்ணனின் சம்சாரமும் தெரு ஆட்களோடு வேனில் திருமலைக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. மலைப்பாதையில் பாறை சரிந்து, வெள்ளை வேன் ஒன்று நசுங்கிக் கிடந்தது. ஐயோ, எங்கள் வேனும் வெள்ளைதான்! நைனாவுக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். அண்ணிக்கும் ஸ்விட்ச் ஆஃப். கடைக்கு ஓடினேன்.

அண்ணன் வீடியோவைப் பார்த்தார். “இது எப்போ எடுத்ததோ! தரிசன கியூவுக்குப் போறவங்க போனை டெபாசிட் பண்ணிட்டுத்தானே போவணும்? குந்து, டீ சொல்றேன்.”

“வேன் நம்மளுதா இருந்தா?”

“இருந்தாலும் அது அப்போ.”

உயிர் போகிற நேரத்தில் தத்துவமா! ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அப்புறம்தான் கவனித்தேன். மனுஷன் ஒரே ஸ்க்ரூவைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அவர் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. நான் கேட்காமலே, “கியூ நகராது, மழைல நகரவே நகராது” என்று தனக்குள் சொல்லிக்கினே இருந்தார்.

பொழுது சாயும்போது என் போன் அடித்தது. நைனா! “லட்டு எத்தினி வாங்கட்டும்டா?” என்றார். “எத்தினி வேணா வாங்கு நைனா!” என்று கத்தினேன். அதற்குள் அண்ணன் போனைப் பிடுங்கிவிட்டார்.

“அவ எங்க? அவகிட்ட குடு!” அந்தப் பக்கம் அண்ணி ஏதோ ஆரம்பித்தார். “தரிசனக் கதையெல்லாம் அப்புறம்! இப்ப எங்க இருக்கே? இப்ப, இப்ப, இந்த நிமிசம்!” பஜாரே திரும்பிப் பார்த்தது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

யாருக்காவது போன் போகவில்லையென்றால் இன்றைக்கும் நான் அந்தக் கடையில்தான் போய்க் குந்துகிறேன். தைரியம் சொல்ல அவருக்கு வராது; கூட உட்கார்ந்து பயப்பட அவரை விட்டால் எனக்கு ஆள் கிடையாது.