அப்பாவின் மௌன விரதம்

கல்யாண விஷயத்தில் பொய் சொல்வதென்றால், ஆளுக்குப் பொருந்துகிற பொய்யாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெண் தேடிய வயதில் எனக்கு அந்த விவரம் போதாது.

அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள். கீழத்தஞ்சையில் கூலித் தகராறு பற்றி எரிந்த வருடங்களில், ஊர்வலத்தின் முன்னால் நின்று கோஷம் போட்ட குரல் அவருடையது. ஒருநாள் நடவு வயலில் பக்கவாதம் வந்து சாய்ந்தார். கைகால் ஓரளவு தேறியது. பேச்சு திரும்பவில்லை. தண்ணீர் கேட்கக்கூடச் சொல் வராது. ஆனால் கோஷம் மட்டும் ராகம் பிசகாமல் வந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி டாக்டர் இதற்கு ஆச்சரியப்படவில்லை. "மூளையில பேச்சுக்கான இடம் அடிபட்டுப்போச்சுங்க. ராகம் இருக்கிற பக்கம் நல்லா இருக்கு. அந்த வழியாவே பேச வைங்க, மூளை புதுசாப் பழகிக்கும்" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்தேன். (அப்பாவைப் பேச வைப்பதைவிட, பேசாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு அப்போது அவசரம். மன்னார்குடிப் பக்கம் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது.)

பெண்ணின் அப்பா ஆள் வைத்துப் பயிர் செய்கிறவர். சங்கம் அவர் வயலில் ஒருமுறை அறுவடையை நிறுத்தியிருந்தது. நான் அரசுப் பள்ளி வாத்தியார் என்பதுதான் அவருக்குத் தெரியும். அப்பா யாரென்று தெரியாது.

"அப்பா இன்னிக்கு மௌன விரதங்க" என்றேன். கோயில் வாசலை மிதிக்காத மனிதருக்கு மௌன விரதம். பெண்ணின் அப்பாவோ பயபக்தியோடு அவரைக் கும்பிட்டார்.

பெண் வந்து காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவர் அப்பாவின் பக்கம் குனிந்து, "பொண்ணைப் பிடிச்சிருக்குங்களா? தலையை ஆட்டினாப் போதுங்க" என்றார்.

அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முஷ்டி மேலே போனது.

"விடமாட்டோம், விடமாட்டோம்."

அதோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். பல வருட ஊர்வலப் பழக்கத்தில் அம்மாவும், "உரிமையை விடமாட்டோம்" என்று கூடவே பதில் குரல் கொடுத்துவிட்டாள்.

கூடத்தில் பஜ்ஜி கடிக்கிற சத்தம் நின்றது.

"இந்தக் குரலை நான் கேட்டிருக்கேன்" என்றார் பெண்ணின் அப்பா, மெதுவாக. "என் வரப்புல நின்னு."

பக்கவாதம், சங்கம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "விரதம்னீங்களே தம்பி" என்று மட்டும் சொன்னார். நாங்கள் எழுந்துவிட்டோம். அப்போது உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டது.

"அதான் விடமாட்டேங்கறாங்களேப்பா. இன்னும் என்ன கேக்கறீங்க?"

அப்பா சிரித்தார். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. சம்மதம் சொல்ல அவருக்குத் இரண்டாம் போகத் தாளடி அறுப்பு முடிய வேண்டியிருந்தது.

நான் காதில் வாங்காத டாக்டர் பேச்சைக் கையில் எடுத்தவள் கமலம்தான், அந்தப் பெண். "வேண்டும் வேண்டும்" என்று அப்பா ஆரம்பிப்பார். "மோர் வேண்டும்" என்று அவள் முடிப்பாள். பிறகு அவரே முடிப்பார். நாளாக நாளாக ராகம் தேய்ந்தது, சொல் தங்கியது.

நடுவில் ஒரு மத்தியானம் மாமனார் வந்திருந்தார். கமலம் கொல்லையில் இருந்தாள். அப்பா "வேண்டும் வேண்டும்" என்று தொடங்கி, மேலே போக முடியாமல் சம்பந்தியின் முகத்தையே பார்த்தார். மாமனார் வாசலைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார். (கதவுக்குப் பின்னால் நான் இருந்தது தெரியாது.) கையைப் பாதி உயர்த்தி, தணிந்த குரலில் சொன்னார்: "மோர் வேண்டும்." அடுத்த நிமிஷமே மோர் வந்துவிட்டது.

பேச்சு முழுதாகத் திரும்பிய பிறகு அப்பா இதை வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னார். இப்போது என் பேரப்பிள்ளைகள் அவரைப் போலவே சொல்லிக் காட்டுகிறார்கள்:

"சம்பந்தி கலந்துகிட்டது ஒரே ஒரு போராட்டம். நான் நின்னதுலயே உடனே ஜெயிச்சது அது ஒண்ணுதான்."