ஆயிரத்தொன்பதாவது விளக்கு

கணக்கு படித்தவனுக்குப் பெண் கொடுக்கலாம். கையில் மைக் கொடுக்கக் கூடாது. என் மாமனார் இரண்டையும் கொடுத்தார்.

கல்யாணமான முதல் வருஷம். பரளச்சிப் பக்கம் மாமனார் ஊர். பங்குனிப் பொங்கலுக்கு ஆயிரத்தெட்டு விளக்குப் பூஜை, பொறுப்பு மாமனாருடையது. "நம்ம மாப்ள காலேசுல கணக்கு வாத்தியாரு. வரிசையெல்லாம் அவுக பாத்துக்கிருவாக" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நானும் கோயில் பொட்டலில் சுண்ணாம்புத் தூளால் இருபத்தெட்டு வரிசை, வரிசைக்கு முப்பத்தாறு கட்டம் போட்டேன். (சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு நேர்த்தி. செல்போனில் படம்கூட எடுத்து வைத்துக்கொண்டேன்.)

ஆயிரத்தெட்டுக் கட்டமும் நிரம்பி, எல்லோரும் திரி போடும் நேரத்தில், அருப்புக்கோட்டை பஸ்ஸிலிருந்து கையில் குத்துவிளக்கோடு சின்னத்தை இறங்கினார். என் மாமியாரின் தங்கை. ஏதோ ஒரு காதுகுத்தில் மனஸ்தாபமாகி, வருஷக்கணக்காக அக்கா வீட்டுப் படி மிதிக்காதவர். எங்கள் கல்யாணத்துக்கும் வரவில்லை. மாமியார் போனில் அழுது கூப்பிட்டிருந்தார். ஆனாலும் வருவார் என்று யாரும் நம்பவில்லை, கட்டமும் போடவில்லை. இன்றைக்குப் பிசகினால் இனி எப்போதும் வரமாட்டார்.

"ஓரமா ஒரு எடம் போட்டுருவமா?" என்றார் மாமனார்.

"தனியா உக்காரவா பஸ்ஸேறி வந்தேன்?" என்றார் சின்னத்தை.

எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். மைக்கைப் பிடித்தேன். "ஆயிரத்தொன்பது ஒரு பகா எண். இரண்டால் வகுபடாது, மூன்றால் வகுபடாது. முப்பத்தொன்று வரை சோதித்தால் போதும், அதற்கு மேல் தேவையில்லை. (யார் கேட்டார்கள்?) ஆகவே எத்தனை வரிசை போட்டாலும் சமமாக வராது. ஒருவரைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும்!"

பொட்டலே திரும்பிச் சின்னத்தையைப் பார்த்தது.

"கொறைக்க வேண்டிய ஆளு நான்தேனா? வாரேன்க்கா" என்று விளக்கைத் தூக்கினார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமனார் என்னைப் பார்த்த பார்வையில், கொடுத்த பெண்ணைத் திருப்பி வாங்கும் யோசனை தெரிந்தது. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அப்போது என் மனைவி செல்வி எழுந்து வந்தாள். "ஏங்க, அது எதுலதேன் வகுபடும்?"

"ஒன்றாலும் அதே எண்ணாலும் மட்டும்" என்றேன்.

"பெறகென்ன? ஒரே வரிசையா உக்காருவோம். சித்தி, இங்கிட்டு வாங்க."

அத்தனை பெண்களும் எழுந்தார்கள். பொட்டலில் அவ்வளவு நீளம் ஏது? வரிசை தண்ணீரில்லாத ஊரணிக் கரையில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. என் கட்டங்கள் மிதிபட்டுக் காணாமல் போயின. அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தீக்குச்சியில் விளக்கேற்றிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மாமனாருக்கும் வந்தது, என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்கிய பிறகு.

இப்போதெல்லாம் பூஜை நோட்டீஸிலேயே ஆயிரத்தொன்பது விளக்கு என்றுதான் அச்சடிக்கிறார்கள். சின்னத்தை நினைத்த நேரமெல்லாம் அக்கா வீட்டுக்கு வந்துவிடுகிறார். நான் அங்கே இருந்தால் போதும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்: "மாப்ள, இன்னைக்கி நான் உள்ள வந்தா வகுபடுமா, வகுபடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து மாமியார் குரல் கொடுப்பார்: "வகுபடாதுடி, உள்ள வா!"