புல்லுக்குச் சாக்ஸ் மாட்டியவர்

திருச்சி மாவட்டத்திலேயே புல்லுக்குச் சாக்ஸ் மாட்டிவிட்ட ஒரே மனிதர் எங்கள் காலனியில்தான் இருந்தார். உலகத்திலேயே என்று எழுதத்தான் ஆசை. ஆதாரமில்லாமல் எழுதிப் பழக்கமில்லாததால் விட்டுவிடுகிறேன். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். பெயர் என்று ஏதோ ஒன்று இருந்தது. எங்களுக்கு அவர் சாக்ஸ் சார்.

ஸ்ரீரங்கத்தில், காவிரிக் கரையை ஒட்டியது எங்கள் காலனி. செக்ரட்டரி வரதன், பெங்களூரில் மகள் வீட்டு வாசலில் பார்த்து மயங்கி, ஒரு வண்டி அலங்காரப் புல்லைக் கொண்டுவந்து பூங்காவில் நட்டார். இடுப்பு உயரம், நரிவால் போல ஊதா நிறக் கதிர்கள், காற்றடித்தால் அலையலையாகச் சாயும். அழகுதான், மறுக்கவில்லை.

"தண்ணி வேண்டாம், உரம் வேண்டாம், மாடுகூட வாய் வைக்காது!" என்று பொதுக்குழுவில் பூரித்தார் வரதன்.

சாக்ஸ் சார் எழுந்தார். "அதுதாங்க பயமா இருக்கு. மாடே தின்னாத புல்லை யாருங்க அடக்கறது? ஆகாயத்தாமரையைக்கூடப் பூ அழகா இருக்குன்னுதான் கொண்டு வந்தாங்க. இப்ப வாய்க்கால்ல தண்ணி தெரியுதா? கடைசிப் பெட்டியில நின்னு, சீமைக்கருவேலம் ஸ்டேஷன் ஸ்டேஷனா ஏறினதைப் பார்த்தவன் நான். இந்த விதை ஆடிக் காத்துல பறந்து ஆத்தங்கரையில இறங்கிச்சுன்னா நாணலுக்கே இடம் இருக்காது!"

தலைவர் என்ற முறையில் நான் விளக்கினேன். நட்டது தீர்மானப்படி. பிடுங்கவும் தீர்மானம் வேண்டும். அதற்கு முன்னறிவிப்பு, கோரம், துணைக்குழு அறிக்கை.

"அதுக்குள்ள ஆடி வந்துடுமே சார்!"

"ஆடியைத் தள்ளிவைக்க விதியில் இடமில்லைங்க" என்றேன்.

மறுநாள் காலை வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், புல்லுக்கெல்லாம் யாரோ சாக்ஸ் மாட்டியிருக்காங்க!"

போய்ப் பார்த்தேன். கதிருக்கு ஒரு சாக்ஸ், அடியில் ரப்பர் பேண்டு. பள்ளிக்கூட வெள்ளை, ஆபீஸ் கறுப்பு, கட்டைவிரல் ஓட்டை போட்டது! ஒரு பள்ளிக்கூடமே சிரசாசனம் செய்வதுபோல இருந்தது பூங்கா. வீடு வீடாகப் போய், "ஜோடி தொலைஞ்ச சாக்ஸ் இருக்குங்களா?" என்று கேட்டு வாங்கியிருக்கிறார் சாக்ஸ் சார்.

"பிடுங்கத்தானே தீர்மானம் வேணும்? மாட்டறதுக்கு வேணுமா சார்?"

விதிகளை இரண்டு முறை புரட்டினேன். வேண்டாம்!

ஆடிப்பெருக்கு வந்தது. காவிரிக்குச் சீர் கொடுக்கும் நாள். வரதனின் மனைவி கோமளா, சாக்ஸைக் கழற்றி நல்ல கதிர்களாக அறுத்து, மஞ்சளுக்கும் காதோலை கருகமணிக்கும் நடுவே தட்டுத் தட்டாகச் செருகி, காலனிப் பெண்களோடு படித்துறைக்குப் புறப்பட்டுவிட்டார். விஷயம் தெரிந்து சாக்ஸ் சார் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். முற்றிய விதை, அதுவும் ஓடுகிற ஆற்றில்!

"அம்மா, விதைம்மா! கல்லணை வரைக்கும் முளைக்கும்மா!"

"நாளும் கிழமையுமா மறிக்காதீங்கோ, தள்ளுங்கோ!"

கோமளா கடைசிப் படிக்கு வந்துவிட்டார். சாக்ஸ் சார் வேட்டியோடு தண்ணீரில் குதித்தார். இடுப்பளவில் நின்று, இரண்டு கையையும் விரித்து, நகரும் ரயிலை நிறுத்துகிற குரலில் கத்தினார்:

"காவேரித் தாயாருக்குத் துடைப்பத்தையா சீர் கொடுக்கறீங்க?"

கோமளா தட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தக் கணத்துக்குப் பிறகு அது துடைப்பமாகத் தவிர வேறெதுவாகவும் தெரியவில்லை.

"பெருமாளே!" என்று அலறிக் கதிர்களை உருவிப் படியில் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். ஈரம் சொட்டச் சொட்ட, ஒன்று விடாமல் பொறுக்கிக் கோணியில் கட்டினார் சாக்ஸ் சார். விதை, காற்று, கருவேலம் என்று மாதக் கணக்கில் பேசியதற்கு அசையாத காலனியை ஒரு துடைப்பம் அசைத்துவிட்டது! அன்று சாயங்காலமே வரதன் மண்வெட்டியோடு பூங்காவில் இறங்கினார். தீர்மானம் கிடையாது. நானும் கேட்கவில்லை.

போன தை மாதம் சாக்ஸ் சார் காலமானார். இந்த ஆடியில் கரையோரம் நடந்தபோது, எப்படியோ தப்பி வந்த ஒரு புதர் ஒற்றை ஊதாக் கதிரை நீட்டிக்கொண்டிருந்தது. கையில் மண்வெட்டி இல்லை. காற்றோ அம்மியைத் தூக்கும்போல அடித்தது.

வீட்டில் ஷூவைக் கழற்றும்போது மனைவி கேட்டாள்: "ஒரு கால் சாக்ஸ் எங்கே?"

"சார் கேட்டார், கொடுத்துட்டேன்" என்றேன்.